பிரசங்கத்தை 15 நிமிஷமா குறைக்கணும்னு சபைல பேச்சு, உங்க கருத்து என்ன?

கெடிலக்கரை (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயத்துல உங்க கருத்து வேணும், கத்தோலிக்கரோ சிஎஸ்ஐயோ பெந்தெகொஸ்தேவோ இல்ல சபைக்கே போகாதவங்களோ யாரா இருந்தாலும் மனசுல பட்டத சொல்லுங்க.

நாங்க கடலூர், தாத்தா காலத்துலேர்ந்து லுத்தரன் குடும்பம். எங்க சபைல ஆராதனை ரெண்டு மணி நேரம் போவும், அதுல பிரசங்கம் மட்டும் 40, 45 நிமிஷம். பிரசங்கம் ஆரம்பிச்ச உடனே வாலிப பசங்க ஒவ்வொருத்தனா எழுந்து வெளிய போய் பைக் மேல உக்காந்துக்கறானுங்க, அப்புறம் திருவிருந்துக்கு பாட்டு ஆரம்பிச்சா உள்ள வர்றானுங்க. இத பாத்துட்டு கமிட்டில ஒரு தரப்பு, பிரசங்கத்த 15 நிமிஷத்துல முடிச்சுடணும் இல்லன்னா இந்த தலைமுறை போயிடும்னு சொல்றாங்க. இன்னொரு தரப்பு, பிரசங்க பீடத்துக்கே கடிகாரம் வைக்கறீங்களான்னு கோவப்படறாங்க. அடுத்த மாசம் முடிவு எடுக்கணும், நானும் கமிட்டில இருக்கேன்.

இன்னொன்னு, என் பையன் பிளஸ் டூ படிக்கிறான். எங்க வீட்டுல வசனம் கேக்காத நேரமே கிடையாது, காலைல 6 மணிக்கு அம்மா டிவி போட்டுடுவாங்க, மனைவி சமைக்கும்போது யூடியூப்ல செய்தி ஓடும், அவனுக்கு ரீல்ஸ்ல ஒரு நிமிஷத்துக்கு ஒரு பிரசங்கியார் வர்றாரு. அவன் கேக்கறான், "அப்பா இவ்ளோ பேர் இவ்ளோ நல்லா பேசறாங்க, அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமை அங்க போய் உக்காந்து ஒருத்தர் பேசறத கேக்கணும்?"

எனக்கு பிரசங்கம் வேணும். வாரம் பூரா கடைல நின்னு பேரம் பேசிக்கிட்டே இருக்கறவன் நான், ஞாயித்துக்கிழமையாவது ஒருத்தர் என்கிட்ட எதையும் விக்காம உண்மைய பேச மாட்டாரான்னுதான் போய் உக்கார்றேன். ஆனா கேக்கறதுல பாதி வேற எங்கயோ இருக்கற ஜனங்களுக்கு சொல்ற மாதிரி இருக்கு. நிமிஷத்த குறைச்சா இது சரியாவுமா? உங்க சபைல எப்படி?

---

பாண்டி_லூர்து:

அண்ணே வணக்கம், நான் கத்தோலிக்க ஆள், பாண்டிச்சேரி. எங்களுக்கு பூசைல பிரசங்கம் எப்பவுமே சின்னதுதான். போப் பிரான்சிஸ் 2024 ஜூன்ல வெளிப்படையாவே சொன்னாரு, மறையுரை, அதாவது பூசைல வர்ற பிரசங்கம், 8 நிமிஷத்துக்கு மேல போவக் கூடாது, அதுக்கு மேல போனா ஜனங்க தூங்கிடறாங்கன்னு. ஆனா அதே சபைதான் ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல (உலக ஆயர்கள் கூடின மாநாடு), 1963ல வந்த வழிபாட்டு ஏட்டுல, ஞாயிறுலயும் கடன் திருநாள்லயும் (கட்டாயம் பூசைக்கு போவ வேண்டிய நாள்) தக்க காரணம் இல்லாம மறையுரைய விடவே கூடாதுன்னு எழுதி வச்சிருக்கு. அதனால சின்னதா இருக்கணும்னா முக்கியம் இல்லன்னு அர்த்தம் ஆயிடாது.

ஆனா நிமிஷம்தான் விஷயம்னு எனக்கு தோணல. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கம் கரைய கடந்துச்சு, நினைவிருக்கும். பாண்டில மட்டும் ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை, கிருஷ்ணா நகர் ரெயின்போ நகர்லாம் படகு வச்சு ஆளுங்கள மீட்டாங்க, ராணுவம் வந்துச்சு. விடிஞ்சா டிசம்பர் 1, ஞாயிறு, எங்களுக்கு கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறு. எங்க பங்குல கரண்ட் இல்ல, மைக் இல்ல, கோவில்ல மொத்தமே ஒரு முப்பது பேர் இருந்தா அதிகம், எல்லாருக்கும் முட்டி வரைக்கும் பேன்ட்டும் புடவையும் நனைஞ்சிருக்கு. அன்னிக்கு வாசகம் என்னன்னா, லூக்கா 21, கடல் கொந்தளிக்கும் முழக்கத்துல ஜனங்க கலங்கிப் போவாங்கன்னு வர்ற பகுதி! யாரும் தேடி எடுத்தது இல்ல, மூணு வருஷ சுழற்சில உலகம் பூரா அந்த ஞாயிறுக்கு அதுதான் வாசகம். வாசிக்கும்போதே எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்துப் போச்சு.

ஃபாதர் கைல வச்சிருந்த பேப்பர மடிச்சு அங்கிக்குள்ள வச்சுட்டு பீடத்துலேர்ந்து இறங்கி முதல் பெஞ்சு கிட்ட வந்து நின்னாரு. இத உலக முடிவுன்னு உங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன்னாரு. "தலைநிமிர்ந்து நில்லுங்கள்"னு அதே வாசகத்துல வருதே, குனிஞ்சு தண்ணிய பாத்துக்கிட்டே இருந்தா பக்கத்து வீட்டுல யார் மாட்டிக்கிட்டாங்கன்னு தெரியாதுன்னாரு. அப்புறம் பேர் சொல்லியே கேட்டாரு, கடைசி தெருவுல தனியா இருக்கற பாட்டிய யார் பாத்தீங்க, டயாலிசிஸ் பண்றவரு வீட்டுக்கு யார் போனீங்கன்னு. அஞ்சு நிமிஷம்கூட ஆவல. பூசை முடிஞ்சு பள்ளிக்கூட ஹால தொறந்து ரெண்டு நாள் சாப்பாடு போட்டோம்.

அதே அன்னிக்கு சாயந்தரம் போன்ல சார்ஜ் ஏத்தினா வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ, எந்த ஊர்க்காரரோ தெரியல, பாண்டில சாராயக் கடை அதிகம் அதனால வந்த நியாயத்தீர்ப்பு இதுன்னு கத்தறாரு. அவரும் பைபிளதான் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. உங்க பையன்கிட்ட இத சொல்லுங்கண்ணே. போன்ல பேசறவருக்கு அந்தப் பாட்டி இருக்கறதே தெரியாது.

---

முதுநகர்க்காரி:

லூர்து தம்பி சொன்னத படிச்சதும் எனக்கு 2004 சுனாமிதான் ஞாபகம் வந்துச்சு. அதுவும் ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு எல்லாம் எப்படி கிடந்துச்சுன்னு கடலூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அடுத்த சில வாரம் இங்க நிவாரணம் கொடுக்க வந்தவங்கள்ல சிலபேர், பிள்ளைய பறிகொடுத்த தாய்கிட்டயே உங்க பாவம்தான் காரணம்னு பிரசங்கம் பண்ணிட்டு போனாங்க. என் காதால கேட்டேன், இன்னிக்கும் அத நினைச்சா வயிறு எரியுது. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்ப, அவங்க எருசலேம்ல இருந்த மத்தவங்கள விட பாவிங்களா, இல்லன்னு இயேசு நேரா சொல்லியிருக்காரு, லூக்கா 13ல இருக்கு. அத படிக்காம மைக்க பிடிச்சா இப்படித்தான் ஆவும்.

நான் உபதேசியார் (ஐயருக்கு உதவியா கிராமங்கள்ல போதிக்கறவர்) வீட்டுப் பொண்ணு. எங்க அப்பா ஓ.டி. (கடலூர் முதுநகர்) பக்கத்து கிராமங்களுக்கு சைக்கிள்லயே போவாரு. பெரிய படிப்பு இல்ல, குரலும் கம்மி. ஆனா சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் வீடு சந்திப்பு நடக்கும், எந்த வீட்டுல கடன்காரன் வந்து கத்திட்டு போனான், எந்தப் பொண்ணு புருஷன் வீட்டுலேர்ந்து திரும்பி வந்துடுச்சு, யார் போட்டு இந்த வாரம் கடலுக்கு போவல, எல்லாம் அவருக்கு தெரியும். ஞாயித்துக்கிழமை யார் பேரையும் சொல்ல மாட்டாரு, யார் மானத்தையும் வாங்க மாட்டாரு, ஆனா உக்காந்திருக்கற ஒவ்வொருத்தரும் இது எனக்குத்தான்னு நினைச்சுக்குவாங்க. அவரு பிரசங்கத்த தயார் பண்ணினது அந்த சைக்கிள்லதான்.

கெடிலக்கரை அண்ணே, நீங்க லுத்தரன்கறதால சொல்றேன். 1530ல எழுதின ஆக்ஸ்பர்க் அறிக்கைல, அதாவது லுத்தரன்களோட அடிப்படை விசுவாச அறிக்கைல, சபைன்னா என்னன்னு சொல்லும்போது, சுவிசேஷம் சுத்தமா போதிக்கப்பட்டு திருவிருந்தும் ஞானஸ்நானமும் சரியா கொடுக்கப்படற விசுவாசிகளோட கூட்டம்னுதான் இருக்கு. அதனால பிரசங்கத்த ஒதுக்கவே முடியாது உங்களுக்கு. அதே சமயம் நம்ம நாட்டுல அது எப்படி ஆரம்பிச்சுச்சுன்னும் பாக்கணும். ஜெர்மனி லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706ல தரங்கம்பாடில வந்து இறங்கினதும் முதல்ல சின்னப் பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல எழுதி தமிழ் கத்துக்கிட்டாரு, பிரசங்கமெல்லாம் அப்புறம்தான். 1715ல தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சுல வந்துச்சு. நம்ம கடலூர்லயே கீர்நாந்தர்னு ஒரு மிஷனரி 1740லேர்ந்து ஊழியம் பண்ணி, 1758ல பிரெஞ்சுக்காரங்க இங்க இருந்த ஆங்கிலேயரோட டேவிட் கோட்டைய பிடிச்சதும் கல்கத்தா போயிட்டாரு. அவங்களோட கூட நடந்த தமிழ் உபதேசியார்கள் பேரு நிறைய பேருக்கு தெரியாது, ஆனா வீட்டுக்கு வீடு வார்த்தைய கொண்டுபோனது அவங்கதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனையும் குறவஞ்சியுமா எழுதி ஜனங்க வாயில வசனத்த பாட்டா வச்சாரு. கதாகாலட்சேபமா நடத்தினா ராத்திரி பூரா ஜனங்க உக்காந்து கேட்டிருக்காங்க, நேரம்தான் பிரச்சனைன்னா அது எப்படி முடியும்?

கமிட்டில போய் நீங்க கேக்க வேண்டியது, நம்ம ஐயரு (சபை போதகர்) வாரத்துல எத்தன வீட்டுக்கு போறாரு, போவ விடாம அவர நாம எத்தன மீட்டிங்ல உக்கார வைக்கறோம், கட்டட நிதிக்கும் பண்டிகை வசூலுக்கும் அவர எவ்ளோ அலைய விடறோம்ங்கறதுதான். ஐயருங்க மேல மட்டும் பழிய போட்டா அநியாயம். நாலு கிராமத்து சபைய ஒருத்தர் தலைல கட்டிட்டு சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு தயார் பண்ணுனா யாரா இருந்தாலும் பழைய நோட்டைத்தான் தூக்குவாங்க.

---

சேதராப்பட்டு_ஷிப்ட்:

பிரெய்ஸ் தி லார்ட். அக்கா சொல்றது ஏத்துக்கறேன், ஆனா போன் பிரசங்கத்த ஒரேயடியா தள்ளிடாதீங்கன்னு ஒரு வேண்டுகோள். நான் கம்பெனில ஷிப்ட் வேலை, மாசத்துல பாதி ஞாயிறு டூட்டி வந்துடும். நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ்ல வரும்போது காதுல ஹெட்போன் மாட்டி கேக்கற செய்திதான் எனக்கு சபை. 2020 லாக்டவுன்ல எல்லா சபையும் மூடியிருந்தப்ப எங்க பாஸ்டர் மாடில நின்னு ஒரு பழைய போன்ல லைவ் போட்டாரு, அதுலதான் என் கூட வேலை செய்யற ஒரு பையன் முதல் தடவையா சுவிசேஷத்த கேட்டான், இப்ப எங்க சபைல கீபோர்டு வாசிக்கறான். அதனால அதுலயும் தேவன் கிரியை செய்யறாரு.

எனக்கு கஷ்டமா இருக்கறது வேற. எல்லாத்தையும் ஒரு வசனமா வெட்டி வெட்டி கொடுக்கறாங்க பாருங்க அதுதான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல வர்ற வருஷத்துக்குன்னு ஒரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை கொடுப்பாங்க இல்ல, எங்க வீட்டுல பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கறது எரேமியா 29:11, "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". நல்ல வசனம், நானும் அத பிடிச்சுக்கிட்டு ஜெபிச்சிருக்கேன். அந்த வருஷம் எனக்கு வேலை போயிடுச்சு, அப்பாவுக்கு ஸ்ட்ரோக். ரீல்ஸ்ல பாத்தா அதே வசனத்த சொல்லி இந்த மாசம் உனக்கு கார், வீடு, டைப் பண்ணு ஆமென்னு வருது. மனசு விட்டுப்போச்சு எனக்கு, வசனம் மேலயே சந்தேகம் வந்துச்சு.

அப்ப எங்க பாஸ்டர் ஒரு ஞாயிறு பூரா அந்த ஒரே அதிகாரத்த எடுத்தாரு, முதல் வசனத்துலேர்ந்து. அது பாபிலோனுக்கு சிறைபிடிச்சு கொண்டுபோன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம்னு அன்னிக்குத்தான் எனக்கு தெரியும். சீக்கிரம் திரும்பிடுவீங்கன்னு பொய் தீர்க்கதரிசிங்க அவங்கள ஏமாத்திட்டு இருந்த நேரம். அந்தக் கடிதத்துல என்ன இருக்கு, அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைங்களுக்கு கல்யாணம் பண்ணுங்க, உங்கள சிறை வச்ச அந்தப் பட்டணத்தோட சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு, 70 வருஷம் ஆவும்னும் இருக்கு. கேட்டவங்கள்ல பல பேர் திரும்பி வந்து பாத்திருக்கவே மாட்டாங்க. அதுக்கு நடுவுலதான் 11வது வசனம் வருது! அட்டைல இது எதுவும் இல்ல. அன்னிக்கு பிரசங்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு, நான் டூட்டி முடிஞ்சு தூங்காம வந்தவன், கண்ண சிமிட்டாம கேட்டேன். எங்கப்பா படுத்தே இருக்காரு இன்னும், ஆனா அந்த வசனத்த இப்ப என்னால பயமில்லாம சொல்ல முடியுது.

அதனால 15 நிமிஷம்னு சட்டம் போடாதீங்க அண்ணா. ஒரு பகுதிய முழுசா திறந்து காட்ட சில சமயம் நேரம் பிடிக்கும். அர்த்தம் இல்லாம இழுக்கறத நிறுத்துங்க.

---

முத்தியால்பேட்டை_ரவி:

நான் இந்து, இந்த பேச்சுக்குள்ள வரலாமான்னு தெரியல, சபைக்கே போகாதவங்களும் சொல்லலாம்னு கேட்டதால சொல்றேன். தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்கள மாதிரி ஆளுங்க கிறிஸ்தவ பிரசங்கத்த கேக்கறது ரெண்டு இடத்துல. ஒண்ணு தெருவுல, கூம்பு ஸ்பீக்கர் வச்சு கூட்டம் போடும்போது. எங்க தெருவுல பப்ளிக் எக்ஸாம் நேரத்துல மூணு நாள் கூட்டம், ராத்திரி 10 மணி தாண்டியும் ஓடுச்சு, என் பொண்ணு காதுல பஞ்ச வச்சுக்கிட்டு படிச்சா. திருவிழாவுக்கு எங்க கோவில்லயும் இதே கதைதான், அதையும் நான் எதிர்த்து பேசியிருக்கேன். 2000ல சுப்ரீம் கோர்ட்டே, அது சென்னைல ஒரு சர்ச் சம்பந்தப்பட்ட வழக்குதான், அடுத்தவங்க நிம்மதிய கெடுத்து ஜெபம் பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலன்னு தீர்ப்பு கொடுத்துச்சு. ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் திறந்த வெளில ஸ்பீக்கர் கூடாதுன்னு அதே வருஷம் விதியும் வந்துச்சு. உங்க மதத்த நீங்க பரப்ப அரசியல் சட்டம் 25வது பிரிவுல உரிமை கொடுத்திருக்கு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா எரிச்சலோட கேக்கறவன் காதுல எந்த நல்ல செய்தியும் ஏறாது.

ரெண்டாவது இடம் சாவு வீடும் கல்யாண வீடும். பாண்டில எந்த கிறிஸ்தவ வீட்டு காரியத்துக்கு போனாலும் பாதிக்கு பாதி எங்க ஆளுங்கதான் இருப்போம், ஸ்கூல் பிரெண்டு, ஆபீஸ், பக்கத்து வீடு. என் நண்பனோட அம்மா இறந்தப்ப அவங்க ஐயரு பேசினத நான் மறக்கவே மாட்டேன். அந்தம்மா எனக்கும் சோறு போட்டவங்க. அவரு எடுத்த எடுப்புல, இங்க பல நம்பிக்கைக்காரங்க இருக்கீங்க, எல்லாரும் ஒரே ஆளுக்காக அழறோம்னாரு. லாசரு கல்லறைகிட்ட இயேசு கண்ணீர் விட்டத சொன்னாரு, உயிரோட எழுப்பப் போறவருக்கே அழுகை வந்துச்சுன்னா நீங்க அழறதுல தப்பே இல்லன்னாரு. பத்து நிமிஷம் பேசியிருப்பாரு. அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தேன். ஆனா வேற ஒரு இழவு வீட்டுல, பெட்டி பக்கத்துலயே நின்னுக்கிட்டு, இங்க வந்திருக்கற மத்தவங்களுக்கு நரகம்தான்னு ஒருத்தர் சொன்னப்ப நாங்க பத்து பேர் எழுந்து வெளிய போயிட்டோம்.

எனக்கு உங்க பைபிள் பத்தி சொல்ல தகுதி இல்ல. ஆனா எங்களயும் ஆளா மதிச்சு பேசினா நாங்க கேப்போம்ங்க.

---

கெடிலக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரவி சார், நீங்க மன்னிப்பெல்லாம் கேக்கவே கூடாது, எங்க சபைல இந்த வருஷ நற்செய்தி கூட்டத்துக்கு பாக்ஸ் ஸ்பீக்கர் உள்பக்கமா வச்சா போதும், 9 மணிக்கு முடிக்கணும்னு நான் எழுதிக் கொடுக்கப் போறேன்.

முதுநகர் சிஸ்டர் சொன்ன வீடு சந்திப்பு விஷயத்துலதான் என் மனசு நிக்குது. எங்க ஐயருக்கு மூணு சபை, அதுல வசூல் நோட்டையும் அவர்தான் தூக்கிட்டு அலையறாரு. கமிட்டிக்காரங்க நாங்க அந்த வேலைய எடுத்துக்கிட்டு வாரத்துல ரெண்டு சாயந்தரம் அவர வீடுகளுக்கு விட்டுடலாம். நிமிஷக் கணக்க ஒரு வருஷம் கழிச்சு பேசிக்கலாம்னு சொல்லப் போறேன்.

பையன்கிட்ட எரேமியா 29 விஷயத்த சொன்னேன். போன எடுத்து முழு அதிகாரத்தையும் அவனே படிச்சான். படிச்சுட்டு என்ன கேட்டான் தெரியுமா, "இதுல எனக்கு ஒரு டவுட் இருக்கு, சபைல யார்கிட்ட கேக்கறது? பிரசங்கத்துக்கு நடுவுல கை தூக்க முடியுமா?" இதுக்கு யாராவது ஏதாவது பண்ணியிருக்கீங்களா?

---

முதுநகர்க்காரி:

அருமையான கேள்வி, பையன விட்டுடாதீங்க. பெரோயா பட்டணத்து ஆளுங்க பவுல் சொன்னதையே சரியான்னு தினம் வேதத்த எடுத்து பாத்தாங்க, அதுக்காக அவங்கள வேதம் மெச்சுது, அப்போஸ்தலர் 17. அதே புஸ்தகத்துல 20வது அதிகாரத்துல துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசினப்ப ஐத்திகுன்னு ஒரு வாலிபன் ஜன்னல்ல உக்காந்தபடி தூங்கி மூணாவது மாடிலேர்ந்து விழுந்துட்டான் இல்ல, பவுல் மேல நின்னு திட்டல, கீழ இறங்கிப் போய் அவன கட்டிப்பிடிச்சாரு. உங்க சபைல பைக் மேல உக்காந்திருக்கற பசங்ககிட்டயும் யாராவது வெளிய போய் பேசணும், முதல்ல நீங்களே போங்க.

எங்க சபைல இப்ப ஆராதனை முடிஞ்சு டீ கொடுக்கும்போது பின்னாடி ரூம்ல அரை மணி நேரம் கேள்வி நேரம் வச்சிருக்கோம். ஐயரும் உக்காருவாரு, தெரியாததுக்கு அடுத்த வாரம் பாத்து சொல்றேன்னு சொல்லுவாரு. ஆரம்பத்துல வயசானவங்கதான் வந்தாங்க, இப்ப காலேஜ் பசங்க வர்றாங்க, அவங்க கேக்கற கேள்விக்காகவே ஐயரு இன்னும் ஆழமா படிச்சுட்டு வர்றாரு, பிரசங்கமே மாறியிருக்கு.

---

சேதராப்பட்டு_ஷிப்ட்:

அக்கா, சபைக்கு வெளில இருந்து வரலாமா அதுக்கு? வர்ற ஞாயிறு எனக்கு லீவு.

---

முதுநகர்க்காரி:

தாராளமா வாங்க தம்பி, பாண்டிலேர்ந்து கடலூர் பஸ் ஏறி ஓ.டி.ல இறங்குங்க, இன்பாக்ஸ்ல வழி அனுப்பறேன். கெடிலக்கரை அண்ணே, பையனையும் கூட்டிட்டு வாங்க, 10:30க்கு ஆரம்பிச்சுடுவோம்.